சங்கிலியும் சீட் பெல்ட்டும்

காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நாய் சட்டப்படி யார்? பயணியா, சாமானா?

நாவலூரில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வர ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ராஜீவ் காந்தி சாலையில் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரைக்குப் போகும் கார்களைப் பாருங்கள். லாப்ரடார், பீகிள், ஷிட்ஸு, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் என்று ஏதாவது ஒன்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போகும். சில கார்களில் ஓட்டுபவரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்து பைக்கில் போகிறவர் சிரிப்பார், போன் எடுத்துப் படம் பிடிப்பார். நாய் அவ்வளவு சந்தோஷமாகத் தெரியும்போது யாருக்கு என்ன குறை?

எங்கள் வீட்டிலும் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. பெயர் மணி, எடை 20 கிலோ. அவனுக்கு ஹார்னஸ் மாட்டி, அதன் பட்டையை சீட் பெல்ட் கொக்கியில் பூட்டித்தான் வண்டியைக் கிளப்புவேன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "வீட்லதான் கட்டிப்போடுறதில்லைன்னு பெருமையா சொன்னே, கார்ல போய்க் கட்டுறியேடா, பாவம்" என்றாள். அப்பா, "நாங்கள்லாம் பின்சீட்ல என்னைக்குடா பெல்ட் போட்டோம்? நாய்க்கு எதுக்கு சீட் பெல்ட்டு?" என்றார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். அம்மா கேட்டது இரக்கத்தின் கேள்வி. அப்பா கேட்டது பழக்கத்தின் கேள்வி. இரண்டுக்குமே நீண்ட வரலாறு இருக்கிறது.

வண்டிக்கு அடியில்

தமிழ்நாட்டில் நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தைச் சேர்ந்தது, 7ஆம் நூற்றாண்டு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லத்துக் குடைவரை வெட்டப்பட்டதும் இதே மகேந்திரன் காலத்தில்தான். தொறுப் பூசலில் இறந்துபோன கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அதில் வீரனுக்குப் பக்கத்திலேயே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுத்தில் இருக்கிறது. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தக் கல் புதிதல்ல.

ஆனால் கோவிவன் வண்டியில் ஏறியிருக்காது. நம் ஊர் நாய்கள் பல நூற்றாண்டுகளாக நடந்தேதான் பயணம் செய்தன. மாட்டு வண்டி போனால் அதன் நிழலில், அச்சுக்கு அடியில் நாய் நடந்து வரும். அந்த நாய் தான்தான் வண்டியை இழுத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுமாம் என்று கேலியாக ஒரு கதையும் சொல்வார்கள். கதை எதுவாக இருந்தாலும் நாயின் இடம் அதில் தெளிவாக இருக்கிறது: வண்டிக்கு அடியில், மாட்டின் வேகத்தில். அந்த வேகத்தில் விழுந்தால் எழுந்து நடந்துவிடலாம்.

வேகம் வந்தது ரயிலோடு. வெள்ளைக்காரர்கள் தங்கள் வேட்டை நாய்களையும் வீட்டு நாய்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதற்காகக் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு வந்தது. இன்றும் இந்திய ரயில்வேயில் அதுதான் நடைமுறை. முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் நம் பெயரில் எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் லக்கேஜ் சீட்டு போட்டுக் கார்டு பெட்டிக் கூண்டில் ஏற்ற வேண்டும். இயந்திர வாகனத்தில் நாய்க்குக் கிடைத்த முதல் அடையாளம் சாமான் என்பதுதான்.

காரில் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை காரில் போய்க் காட்டுவதாகப் பந்தயம் கட்டினார். அதுவரை யாரும் அந்த நாட்டைக் காரில் குறுக்காகக் கடந்ததில்லை. சீவால் க்ராக்கர் என்ற மெக்கானிக்கோடு ஒரு விண்டன் காரில் கிளம்பினார். வழியில் ஐடஹோவில் 15 டாலர் கொடுத்து ஒரு புல்டாக்கை வாங்கிக்கொண்டார். அதன் பெயர் பட். அந்தக் காரில் முன்கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது. புழுதி பட்டு நாயின் கண்கள் எரிந்தன. தங்களைப் போலவே அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். 63 நாள் பயணத்தை முடித்து மூவரும் நியூயார்க் சேர்ந்தார்கள். கண்ணாடி போட்ட நாயின் படம் ஊரெல்லாம் பிரபலமானது.

காரில் போகும் நாய்க்கு மனிதன் கொடுத்த பாதுகாப்புச் சாதனங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் ஒன்று அந்தக் கண்ணாடி. நாய் கண் எரிந்து அவதிப்படுவது தெரிந்ததால் அது கிடைத்தது. இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படும் ஆபத்துக்கு அன்று யாரும் எதுவும் செய்யவில்லை. மனிதர்களுக்கே அப்போது ஒன்றும் இல்லை.

நான்கு ஆண்டுகள்

1957 முதல் 1960 வரையிலான காலத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில விஷயங்கள் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் நடந்தன.

1957 நவம்பர் 3. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் லைக்கா என்ற நாயை அனுப்பியது. மாஸ்கோ தெருவில் பிடித்த பெண் நாய். அதன் உடலுக்கு ஏற்றபடி ஹார்னஸ் செய்து பூட்டியிருந்தார்கள். நிற்கலாம், உட்காரலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. பூமிக்குத் திரும்பி வரும் ஏற்பாடும் கிடையாது. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் லைக்கா இறந்தது என்ற உண்மை 2002இல்தான் வெளியே வந்தது. கார் பின் இருக்கையில் மனிதக் குழந்தைகள் எந்தப் பட்டையும் இல்லாமல் உருண்டுகொண்டிருந்த காலத்தில், ஒரு தெருநாய்க்காகப் பொறியாளர்கள் அளவெடுத்து ஹார்னஸ் தைத்திருக்கிறார்கள். அந்த நாய் பிழைக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

1959. ஸ்வீடனில் வால்வோ நிறுவனம் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கார்களில் பொருத்தத் தொடங்கியது. வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே வீசும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். விமானியைப் போல இறுக்கிக் கட்டினால் சாதாரண ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரே கையால், ஒரே இழுப்பில் மாட்ட முடிகிற பெல்ட்டைச் செய்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. இன்று நாம் மாட்டுவது அடிப்படையில் அதே பெல்ட்தான்.

அதே 1959. சென்னையில் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். இருவருமே விமானிகள். 1951இல் ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர்கள். பெல்ட் மாட்டாமல் இருக்கையில் உட்கார்ந்தே பழகாதவர்கள் தெருநாய்க்காக அமைப்பு தொடங்கினார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

1960. மிருகவதைத் தடுப்புச் சட்டம். இதன் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததும் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவை நடனப் பள்ளியாக மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் வாழ்ந்த ஒருவரின் பிடிவாதத்தில் பிறந்தது இந்தியாவின் விலங்குநலச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, விலங்குக்குத் தேவையில்லாத வலியோ துன்பமோ வரும்படி அதை வண்டியில் கொண்டுபோவது குற்றம் என்கிறது. 1960இல் அது பெரிய விஷயம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தொகை இன்னும் மாறவில்லை.

இரக்கம் ஒரு பக்கம், பாதுகாப்புப் பொறியியல் இன்னொரு பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பின. நம் ஊரில் இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

சட்டம் நாயை எப்படிப் பார்க்கிறது

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எந்த ஆளையும் உட்கார வைக்கக் கூடாது, எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்கிறது. ஆள், இல்லையென்றால் பொருள். மடியில் உட்கார்ந்திருக்கும் நாய் ஆள் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு சீட் பெல்ட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பாதுகாப்பாக உட்கார வைக்காவிட்டாலும் 1,000 ரூபாய். நாய்க்கு எதுவும் இல்லை. 1978இல் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மருத்துவச் சான்று, பயணத்துக்கு முன் உணவு, தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது பெட்டியில் அனுப்பும் நாயை மனதில் வைத்து எழுதியது. நம்மோடு கோவளத்துக்கு வருகிற நாயை அல்ல.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை. அங்கே சாலைச் சட்டப்படி காரில் இருக்கும் விலங்கு 'சுமை'. கேட்க மரியாதைக் குறைவாக இருக்கும். ஆனால் சுமை என்றால் நகராதபடி கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். சாமான் என்ற பெயரே அங்கே நாயைக் காப்பாற்றுகிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேட்டில் 57ஆவது விதி, நாயை சீட் பெல்ட் ஹார்னஸிலோ கூண்டிலோ தடுப்புக்குப் பின்னாலோ வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நம் ஊரிலோ கூரை மேல் ஏற்றிய சூட்கேஸை நைலான் கயிறு போட்டு நான்கு சுற்று சுற்றிக் கட்டுகிறோம். உள்ளே இருக்கும் நாயைக் கட்டினால் பாவம்.

இதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இரக்கம் எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்கிறது. நாய் இப்போது கஷ்டப்படுகிறதா, இல்லையா? வதைத் தடுப்புச் சட்டமும் அதையே கேட்கிறது. துன்பம் நடந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். பாதுகாப்பு என்பது இன்னும் நடக்காத ஒன்றைக் கேட்பது. அடுத்த இரண்டு நொடிகளில் என்ன ஆகும்? ஜன்னல் காற்றில் காதுகள் பறக்க நிற்கிற நாயிடம் அந்த இரண்டு நொடிகள் தெரிவதில்லை. அதனால்தான் அவனை அப்படியே விடுவது அன்பாகவும், கட்டுவது கொடுமையாகவும் தெரிகிறது.

மூன்றாம் மாடி

இரண்டு நொடிக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பொறியியல் படித்ததற்கு இந்த அளவாவது உபயோகம் இருக்கட்டும்.

கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உள்ளே இருக்கும் மணியும் அதே வேகத்தில், அதாவது நொடிக்கு சுமார் 14 மீட்டர். கார் மோதி நின்றுவிட்டால் கட்டப்படாத மணி நிற்க மாட்டான். முன் சீட்டின் முதுகுவரை அதே வேகத்தில் போவான். இந்த வேகம் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வருகிற வேகம். நாவலூர் அபார்ட்மெண்டுகளில் அது மூன்றாம் மாடி. பால்கனிக் கம்பி இடைவெளியில் நாய் விழுந்துவிடுமோ என்று வலை கட்டுகிறவர்கள் நாம்.

20 கிலோ உடல் அந்த வேகத்தில் வந்து 15 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் சராசரி விசை சுமார் 1,300 கிலோ எடைக்குச் சமம். முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போட்டிருந்தாலும் முதுகில் வாங்குவது இதைத்தான். அதே நாய் பெல்ட்டோடு சேர்ந்து, காரின் முன்பகுதி நசுங்கும் தூரத்தையும் பயன்படுத்திக்கொண்டு 60 சென்டிமீட்டரில் நின்றால் விசை நான்கில் ஒரு பங்கு ஆகிவிடும். போலின் பெல்ட்டின் ரகசியமும் இதுதான். அது நம்மைத் தடுக்கவில்லை, மெதுவாக நிறுத்துகிறது. மார்பில் அகலமான பட்டையாகப் பரப்பி நிறுத்துகிறது. கழுத்துச் சங்கிலியில் இந்த இரண்டுமே கிடையாது.

மோதலே வேண்டாம். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த ஓஎம்ஆரில் ஒரு மாடு குறுக்கே வந்தாலோ, யூடர்னில் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றாலோ, பலமாக ஒரு பிரேக். வழவழப்பான சீட் கவரில் நான்கு கால் ஊன்றி நிற்கும் நாய் கீழே உருளும். அடிபட்ட நாய் கதவு திறந்ததும் பயத்தில் சாலையில் ஓடும். விபத்தில் தப்பிய நாய் அடுத்த லாரியில் போகும் ஆபத்து இங்கேதான்.

அப்பாவின் கேள்வி

பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்று கேட்டது அப்பா மட்டுமல்ல, நாடே கேட்டது. 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் இறந்தார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பின் இருக்கை பேசுபொருள் ஆனது. 2025 ஏப்ரல் முதல் தயாராகும் கார்களில் பின்சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை ஒலி கட்டாயம். போலினின் பெல்ட் வந்து 66 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒலி வந்தால் அதை நிறுத்த ஒரு வழியும் வரும். பெல்ட் போடாமலேயே அலாரத்தை அடக்க, கொக்கியில் செருகும் ஒரு இரும்பு நாக்கை இணையத்தில் விற்றார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய தளங்களுக்கு உத்தரவு போட்டு 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. எங்கள் வேலையில் கம்பைலர் தரும் எச்சரிக்கையை ஆஃப் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போல. நாய்க்கு வாங்கும் பட்டையின் முனையிலும் அதே வடிவ இரும்பு நாக்குதான். ஒன்று அலாரத்தின் வாயை மூடுகிறது, இன்னொன்று ஓர் உயிரைப் பிடித்துக்கொள்கிறது.

எல்லாப் பட்டையும் பிடிக்குமா என்றால், இல்லை. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு, சுபாரு நிறுவனத்தின் உதவியோடு 2013இல் சந்தையில் இருந்த ஹார்னஸ்களை நாய் பொம்மைகளுக்கு மாட்டி மோதிப் பார்த்தது. எல்லாச் சோதனைகளிலும் நாயை இருக்கையிலேயே நிறுத்தியது ஒரே ஒரு ஹார்னஸ்தான். நம்மிடமும் வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தில் மோதல் சோதனைக் கூடம் இருக்கிறது. நாவலூரிலிருந்து ஒரு காலைப் பயணம். பாரத் என்கேப் தரக்குறியீட்டுக்காகப் பெரியவர் பொம்மையையும் குழந்தை பொம்மையையும் வைத்துக் கார்களை மோதுகிறோம். நாய் பொம்மை அந்தப் பட்டியலில் இல்லை.

கடைக்குப் போய் "நாய்க்கு பெல்ட் வேணும்" என்றால் கழுத்துப் பட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தமிழில் அந்தச் சொல் நாயோடு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் கேட்கும்போதே மார்பில் அகலமாகப் படியும் ஹார்னஸ் என்று கேட்க வேண்டும். பூட்டும் வளையமும் தையலும் உறுதியாக இருக்க வேண்டும். பட்டை, உட்காரவும் படுக்கவும் போதுமான அளவு குட்டையாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் நாய் பறக்கும் தூரமும் கூடும். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் பூட்டக் கூடாது. ஏர்பேக் இருக்கும் முன்சீட் வேண்டாம். சீட்டுக்கு மேல் தொட்டில் போலக் கட்டும் துணி முடியையும் மண்ணையும் தடுக்கும், நாயைத் தடுக்காது. சின்ன நாயாக இருந்தால் நன்றாகக் கட்டிவைத்த உறுதியான கூண்டு நல்லது. ஜன்னலை மூக்கு நுழையும் அளவுக்குத் திறந்து, ஸ்விட்சை லாக் செய்துவிட வேண்டும். முதல் சில நாட்கள் வண்டி நிற்கும்போதே மாட்டிப் பழக்கினால், மணியைப் போல, ஹார்னஸைப் பார்த்ததும் வாலாட்ட ஆரம்பித்துவிடும். அதற்கு அது கடற்கரையின் அறிகுறி.

அம்மாவுக்கு நான் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட இதுதான். லைக்காவைக் கட்டியது நமக்காக. வாசலில் சங்கிலி போட்டுக் கட்டுவதும் நமக்காக. பின்சீட்டில் கட்டுவது அவனுக்காகவும் நமக்காகவும் சேர்த்து. இறங்கியதும் அவிழ்த்துவிடத்தான் கட்டுகிறோம். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு "அப்போ நீயும் பின்னாடி உக்காந்தா போடுவியா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

சட்டம் மாறும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பத்து ரூபாய் அபராதத்தையே இன்னும் மாற்றாத சட்டம் அது. பின்சீட்டில் கொக்கி ஏற்கெனவே இருக்கிறது. பல வீடுகளில் அதில் செருக ஒரு பட்டை மட்டும்தான் இல்லை. திருடனைக் கடித்துக் காத்த நாய்க்கு அன்று கல் எழுப்பினார்கள், ஆனால் அதற்கு அது முதலில் சாக வேண்டியிருந்தது. கோவிவனின் வம்சத்துக்கு நாம் அதைவிடச் சின்னதாக ஒன்று செய்யலாம், உயிரோடு இருக்கும்போதே.